நிலம்பூர்: தேக்கு என்னும் மரமும் காடு என்னும் சொல்லும்

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அண்டை ஊர்களின் மரபுச் செல்வங்களைப் பற்றி ஆளுக்கு ஓர் ஊராகப் பேச வேண்டும் என்று விழாக்குழுவினர் பணித்தபோது, நிலம்பூரை நானே கேட்டுப் பெற்றேன். அதற்குக் காரணம் அவ்வூரின் அழகு மட்டுமன்று. அவ்வூருக்கு நான் ஒரு கடன் பட்டிருக்கிறேன். நம் வட்டம் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், மாதக் கூட்டமொன்றில் நிலம்பூரின் தேக்கு மரங்களைப் பற்றி நான் ஒரு கவிதை படித்தேன். மனிதன் காலடி படாத ஆதிவனம் என்றும், படைத்தவனைத் தவிர நட்டவர் எவருமில்லாத சோலை என்றும் அதில் எழுதியிருந்தேன். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் மகிழ்ந்தேன்.

மறு ஆண்டு மீண்டும் அங்கே சென்றேன். அம்மரங்களின் நிழலில் அமர்ந்திருந்த முதிய காவலர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ‘எவ்வளவு பழைய காடு, சேட்டா!’ என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘இது காடல்ல சாரே, தோட்டமாணு’ என்றார். பிறகு ஆற்றுக்கு அப்பால் நீலமாய்த் தெரிந்த மலைச்சரிவைக் கையால் காட்டி, ‘காடு அவிடெ’ என்றார். அவ்வளவுதான். என் கவிதையில் இருந்த முதல் வரி முதல் கடைசி வரி வரை அந்த ஒரு கையசைவில் விழுந்துவிட்டது. இன்று நான் ஆற்றும் உரை அந்தக் காவலருக்கு நான் காலந்தாழ்த்திச் சொல்லும் மறுமொழி என்று கொள்ளுங்கள்.

மரம் வளர்ந்த கதை

நம் ஊரிலிருந்து நாடுகாணி மலைப்பாதையில் இறங்கி, வழிக்கடவைக் கடந்தால் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் நிலம்பூர். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், சாலியாற்றின் கரையில் அமைந்த சிற்றூர். இறங்கும்போதே குளிர் நம்மை விட்டு விலகிப் புழுக்கம் தொடங்கும். தேயிலை முடிந்து தேக்கு தொடங்கும்.

தேக்கு என்ற சொல்லைப் பற்றி இந்த அவையில் முதலில் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் ‘டீக்’ என்று சொல்வது நம் சொல்தான். மலையாளக் கரையில் வணிகம் செய்த போர்த்துக்கீசியர் ‘தேக்கு’ என்பதைத் ‘தேக்கா’ என்று தம் மொழியில் கொண்டார்கள். அவர்களிடமிருந்து அது ஐரோப்பிய மொழிகளுக்குப் போயிற்று. மரம் கப்பலாகிக் கடல் கடந்தபோது அதன் பெயரும் உடன் சென்றது. உலகெங்கும் நம் மரம் நம் சொல்லாலேயே அழைக்கப்படுகிறது என்பது தமிழரும் மலையாளிகளும் சேர்ந்து பெருமை கொள்ளத்தக்க செய்தி.

கப்பல் என்று சொன்னேன். கதை அங்கேதான் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் கட்டும் தொழிலுக்கு மலபார்த் தேக்கு இன்றியமையாததாக இருந்தது. வெட்ட வெட்டக் காடு குறைந்தது. 1840களில் மலபார் கலெக்டராக இருந்த ஹென்றி வாலண்டைன் கனோலி, இனி வெட்டுவதற்கு மரம் வேண்டுமென்றால் நட்டுத்தான் ஆக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். உள்ளூர் ஜென்மிகளிடமிருந்து பெற்ற நிலத்தில் நடவு தொடங்கியது.

தொடங்கியதும் தோல்விதான். தேக்கின் காய் கடினமான ஓடு உடையது. விதைத்த மாத்திரத்தில் முளைக்கும் பண்பு அதற்கில்லை. நனைந்தும் உலர்ந்தும், மீண்டும் நனைந்தும், மெல்ல மெல்லத்தான் ஓடு விட்டுக்கொடுக்கும். இது தெரிவதற்கு முன் முதல் முயற்சிகள் வீணாயின. அந்த நிலையில் நடவுப் பொறுப்பை ஏற்று, நாற்றங்கால் அமைத்து, பருவம் பார்த்து, கன்றுகளை நிலைக்கச் செய்தவர் சாத்து மேனன் என்னும் உள்ளூர் அலுவலர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் இப்பணியிலேயே இருந்தார். அவருடைய சமாதி நிலம்பூரிலேயே, அவர் வளர்த்த தேக்குகளின் மண்ணிலேயே உள்ளது.

உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டங்களுள் இது ஒன்று. ஒழுங்குமுறையான தேக்கு வளர்ப்பு என்னும் துறைக்கே இதுதான் தொட்டில். 1846இல் நட்ட மரங்கள் நிற்கும் பகுதி இன்று ‘கனோலி பிளாட்’ என்று வழங்குகிறது. சாலியாற்றைக் கடந்து அங்கே செல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது இதன் பெரும்பகுதி போர்த் தேவைக்காக வெட்டப்பட்டது. எஞ்சியது 5.7 ஏக்கர், அதாவது 2.31 ஹெக்டேர். நூற்றுக்குச் சற்று மேற்பட்ட மரங்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், அவ்வளவு உயரம். நான்கைந்து பேர் நின்று பேசும் இடைவெளியில் ஒரே அளவாக, வரிசையாக நிற்கும். அந்த வரிசையை அன்றே நான் கவனித்திருக்க வேண்டும். காடு வரிசையில் நிற்பதில்லை. கண்ணெதிரே இருந்த உண்மையை என் கவிதைச் செருக்கு மறைத்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தோட்டம் கனோலியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1855இல் கோழிக்கோட்டில் தம் இல்லத்திலேயே கொல்லப்பட்ட அவர், தாம் நடச் சொன்ன மரங்கள் முழு மரமாவதைப் பார்க்கவில்லை. முளைக்க வைத்த சாத்து மேனனின் பெயர் ஒரு கல்லறையில் இருக்கிறது. குழி தோண்டியவர், நீர் ஊற்றியவர், களை பறித்தவர், யானையோடு யானையாக மரம் இழுத்தவர் ஆகியோரின் பெயர் எங்குமே இல்லை. வரலாறு பெயர்களைக் கொடுக்கும் முறை இதுதான். மரபுச் செல்வம் என்று நாம் ஒன்றைப் போற்றும்போது, அதில் யாருடைய கை விடுபட்டது என்று கேட்பது இலக்கியத்தின் கடமை.

பார்க்க வேண்டியவை

ஊருக்குச் செல்ல விரும்பும் உறுப்பினர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். நம் பக்கத்திலிருந்து செல்லும்போது ஊருக்கு நான்கு கிலோமீட்டர் முன்பாகவே, சாலையோரத்தில் தேக்கு அருங்காட்சியகம் வருகிறது. கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் 1995இல் அமைத்தது. ஒரே ஒரு மரத்துக்கென்று தனியாக ஒரு அருங்காட்சியகம்! வாயிலிலேயே முழுத் தேக்கு ஒன்றின் வேர்த்தொகுதி வைக்கப்பட்டிருக்கிறது. மண்ணுக்குள் இருந்தவரை எவரும் காணாத வேர், வெளியே எடுத்து நிறுத்தியபின் ஒரு பெரிய கையைப் போல விரிந்து கிடக்கிறது. வெளியே உள்ள பூங்காவில் வண்ணத்துப்பூச்சிகளுக்கென்று ஒரு பகுதி உண்டு.

கோடையில் சென்றால் இலையுதிர்ந்த மரங்களைக் காண்பீர்கள். கோடைமழைக்குப் பின் தளிர் வரும். அந்த இளந்தளிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பாருங்கள். மருதாணி இட்டதுபோல் சிவக்கும். நம் பிள்ளைகள் அறிந்த விளையாட்டுத்தான். தளிருக்குப் பின்னாலேயே புழுவும் வரும். தேக்கின் இலையைத் தின்னும் புழுக்கூட்டம் சில ஆண்டுகளில் தோட்டம் முழுவதையும் நரம்பு மட்டும் எஞ்ச அரித்துவிடும். அந்த நாட்களில் மரத்தடியில் நின்றால், மேகமில்லாத வானத்தின் கீழே தூறல் விழுவது போன்ற ஓசை கேட்கும். அது புழுக்களின் எச்சம் சருகின்மேல் விழும் ஓசை. ஒரே இன மரத்தை மைல் கணக்கில் நட்டால் அதைத் தின்னும் பூச்சிக்கு அது விருந்து மண்டபமாகிறது. காவலர் சொன்ன வேறுபாட்டின் பொருள் இங்கும் விளங்குகிறது.

ஷொரணூரிலிருந்து நிலம்பூர் வரை 66 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை ஒன்று உண்டு. இருபுறமும் தேக்கும் ஆலும் கவிந்து நிற்க, சிறு நிலையங்களில் நின்று நின்று வரும் அந்த ரயில் பயணத்துக்காகவே பலர் வருகிறார்கள். தென்னிந்திய ரயில்வே கம்பெனி மரம் ஏற்றுவதற்கென்று அமைத்த இப்பாதை 1927இல் நிலம்பூரை எட்டியது. 1941இல் போருக்காகத் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றார்கள். 1954இல் மீண்டும் போட்டார்கள். எங்கோ நடந்த ஒரு போர் இச்சிற்றூரின் மரத்தையும் எடுத்தது, அம்மரத்தை ஏற்றிச் சென்ற பாதையையும் எடுத்தது.

ரயிலுக்கு முன் மரத்தைச் சுமந்தது ஆறு. சாலியாறு 169 கிலோமீட்டர் ஓடி, பேப்பூரில் கடலில் கலக்கிறது. வெட்டிய மரங்கள் ஆற்றிலே மிதந்து சென்று கோழிக்கோட்டின் கல்லாயியில் ஏலமாகும். பேப்பூரில் ‘உரு’ என்னும் மரக்கப்பலாகும். அந்தப் பேப்பூரில்தான் வைக்கம் முகம்மது பஷீர் தம் பிற்கால வாழ்வைக் கழித்தார். நம் கூடலூரின் மலைகளில் பிறக்கும் பாண்டியாறும் கேரளத்தில் புன்னப்புழையாகிச் சாலியாற்றோடுதான் சேர்கிறது. நம் முற்றத்து மழைநீர் நிலம்பூர் வழியாகப் பஷீரின் ஊருக்குப் போகிறது என்று எண்ணும்போது எனக்கு ஒரு நிறைவு உண்டாகிறது. ஆற்று மணலை அரித்துப் பொன்துகள் எடுக்கும் தொழிலும் இக்கரைகளில் வழிவழியாக இருந்து வந்தது.

கருளாயியைக் கடந்து சென்றால் நெடுங்கயம். ஒருகாலத்தில் யானைகளைப் பழக்கிய இடம். அங்கே பாலமும் மாளிகையும் கட்டிய டாசன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1938இல் அங்குள்ள ஆற்றிலேயே மூழ்கி இறந்தார். அவருடைய கல்லறை அங்கே இருக்கிறது. ஆற்றுக்கு மேல் பாலம் கட்டியவரை ஆறு தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆட்யன்பாறை அருவியும் அருகிலேயே உண்டு. மழைக்காலத்தில் அங்கே பாறை வழுக்கும். பிள்ளைகளோடு செல்வோர் கவனமாக இருக்க வேண்டும்.

ஒரு சொல்லின் பொருள்

இனி, நம்மோடு நேரடியாகத் தொடர்புள்ள செய்திக்கு வருகிறேன். நிலம்பூரில் ‘கோவிலகம்’ என்னும் அரச குடும்பத்தின் பழைய இல்லங்கள் உள்ளன. அவர்களின் குலதெய்வம் வேட்டைக்கொருமகன். வேடன் வடிவம் கொண்ட சிவனின் மகனாகிய அத்தெய்வத்தின் கோயிலில் ஆண்டுதோறும் நடக்கும் ‘பாட்டு’ விழா அப்பகுதி முழுவதற்கும் பெருவிழா. தெய்வமே வேட்டையாடும் தெய்வம் என்பதிலிருந்து அந்த மண்ணின் இயல்பு விளங்கும்.

அந்தக் கோவிலகம்தான் நம் கூடலூர் நிலங்களுக்கும் ஒருகாலத்தில் ஜென்மியாக இருந்தது. 1877இல் தென்கிழக்கு வயநாடு மலபாரிலிருந்து பிரிந்து நீலகிரியோடு சேர்ந்தபோது நிர்வாகம் மாறியதே ஒழிய, ஜென்ம உரிமை மாறவில்லை. 1969இல் தமிழ்நாடு சட்டமன்றம் கூடலூர் ஜென்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. அதன் சிக்கல் இன்னும் முழுமையாகத் தீரவில்லை என்பதைப் பட்டா இல்லாத வீட்டில் வாழும் நம் உறுப்பினர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அக்குடும்பத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பகுதியில் தம் முன்னோரிடமிருந்து அரசின் கைக்குப் போன காடுகள் வெட்டப்படுவதைக் கண்டு மனம் பொறாமல், 1995இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12ஆம் நாள் நீதிமன்றம் அளித்த உத்தரவு இந்தியாவின் காடுகள் அனைத்துக்கும் பொருந்துவதாக அமைந்தது. எது காடு? ஆவணத்தில் காடு என்று எழுதியிருப்பது மட்டுமா? அரசுக்கு உரியது மட்டுமா? நிலம் யாருடையதாயினும், காடு என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருள் எதுவோ அதுவே காடு என்றது நீதிமன்றம்.

கவிஞர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு பெருநாட்டின் மரங்களின் உயிர் ஒரு சொல்லின் பொருளில் தொங்கியது. அந்தச் சொல்லைத் தேடி நீதிமன்றம் அகராதியிடம் போயிற்று. 2023இல் சட்டத்தைத் திருத்தி அச்சொல்லின் எல்லையைக் குறுக்கியபோது வழக்கு மீண்டும் எழுந்தது. 2024 பிப்ரவரியில், அகராதிப் பொருளையே இப்போதைக்குப் பின்பற்றுமாறு நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டது. சொல்லைக் காப்பது புலவர் வேலை, மரத்தைக் காப்பது வனத்துறையின் வேலை என்று நாம் நினைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே வேலையின் இரு பக்கங்கள் என்று இவ்வழக்கு காட்டிவிட்டது. நானோ, நட்ட மரத்தைக் காடு என்று எழுதிக் கைதட்டு வாங்கியவன். நம் நாட்டில் தோட்டங்களை எண்ணிவிட்டுக் காடு பெருகியது என்று சொல்லும் கணக்குகளைக் குறைகூற எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

காவலர் கைகாட்டிய அந்தக் காடு கரிம்புழை. 2020இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நம் முக்குருத்தி தேசியப் பூங்காவை ஒட்டிக் கிடக்கிறது. அந்தக் காட்டுக்குள்தான் சோலைநாயக்கர் வாழ்கிறார்கள். பாறைக் குடைவுகளையே இல்லமாகக் கொண்டு வாழ்ந்துவந்த, சில நூறு பேரே கொண்ட மக்கள். சுற்றுலாக் குறிப்பேடுகள் சில அவர்களையும் காட்சிப் பொருள்களின் வரிசையில் சேர்த்து எழுதுகின்றன. அருவி, அருங்காட்சியகம், ஆதிவாசி என்று அடுக்கும் அந்த வரிசையை நாம் ஏற்கக் கூடாது. அவர்கள் காணப்பட வேண்டியவர்கள் அல்லர்; கேட்கப்பட வேண்டியவர்கள். நம் கூடலூரின் காட்டுநாயக்கரையும் பணியரையும் எத்தனை முறை இம்மேடைக்கு அழைத்திருக்கிறோம் என்ற கேள்வியை என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பத்தாண்டில் ஒருமுறையும் இல்லை.

கலை செய்த ஊர்

மரத்தால் மட்டும் பெயர் பெற்ற ஊரன்று நிலம்பூர். அருகிலுள்ள அருவாக்கோட்டில் குயவர் குடியிருப்பு ஒன்று உண்டு. ஆந்திரப் பகுதியிலிருந்து முன்பே வந்தவர்கள். அலுமினியமும் எவர்சில்வரும் வந்தபின் மண்பானைக்கு மதிப்பு போயிற்று. குடியிருப்பு வறுமையில் விழுந்தது. 1990களில் கே.பி. ஜினன் என்னும் வடிவமைப்பாளர் அவர்களோடு தங்கி, சுவர்ச் சிற்பம், ஓடு, அணிப்பொருள் எனக் களிமண்ணுக்குப் புதிய பயன்களைக் கண்டார். சூளைகள் மீண்டும் எரிந்தன. பழைய கை அப்படியே இருந்தது. அது செய்த பொருள்தான் மாறியது. மரபு பிழைக்கும் வழிகளுள் இது ஒன்று.

அடுத்து, நம் போன்ற ஓர் அமைப்பின் கதை. நிலம்பூர் இளைஞர்கள் சிலர் கூடி ஒரு கலாசமிதி நடத்தினார்கள். இ.கே. அயமு எழுதிய ‘இஜ்ஜு நல்லொரு மன்சனாகான் நோக்கு’ என்ற நாடகத்தை 1953இல் மேடையேற்றினார்கள். ‘நீ நல்ல மனிதனாகப் பார்’ என்பது பொருள். தலைப்பே ஏறநாட்டு மாப்பிள்ளைப் பேச்சுவழக்கு. அந்நாடகத்தில், முஸ்லிம் பெண்கள் மேடையேறாத அக்காலத்தில், பதினாறு வயதுப் பெண் ஒருவர் நடிக்க முன்வந்தார். அவரே பின்னாளில் நிலம்பூர் ஆயிஷா என்று பெயர் பெற்றவர். கல்லெறிந்தார்கள். ஒதுக்கி வைத்தார்கள். மேடையில் நின்றவரை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார்கள். குண்டு தவறியது, அவர் நடிப்பை விடவில்லை. பிழைப்புக்காக அரபு நாட்டில் பல ஆண்டுகள் வீட்டு வேலை செய்து, திரும்பி வந்து மீண்டும் நடித்தார்.

ஒரு சிற்றூரின் கலைக்குழு என்ன செய்ய முடியும் என்று கேட்போருக்கு இதுவே விடை. நம் வட்டத்தில் கவிதை படித்தவருக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆபத்து, தேநீர் ஆறிப்போனதுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் பத்தாண்டுகளில், எவருக்கேனும் கோபம் வரும்படியான ஓர் உண்மையை நாம் சொல்லியிருக்கிறோமா என்று எண்ணிப் பார்க்க இந்நாள் ஏற்ற நாள்.

ஆறு கொண்டுவந்தது

யுனெஸ்கோ 2022இல் உலகக் கற்றல் நகரங்களின் வரிசையில் நிலம்பூரைச் சேர்த்தது. அவ்வூர் கற்ற கடினமான பாடம் ஒன்று உண்டு. 2019 ஆகஸ்டு 8ஆம் நாள் இரவு, நிலம்பூரை அடுத்த கவளப்பாறையில் மலை சரிந்து 59 பேர் மாண்டனர். அவர்களில் 11 பேரின் உடல் கிடைக்கவே இல்லை. அந்த வெள்ளத்தில் பாலங்கள் போயின. முண்டேரிக் காட்டுக்குள் வாழும் பழங்குடியினர் அதன்பின் ஆண்டுக்கணக்கில் மூங்கில் தெப்பத்தில் ஆற்றைக் கடந்தார்கள்.

2024 ஜூலை 30ஆம் நாள் விடியற்காலையில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுள் போயின. அங்கே தேயிலைத் தோட்டப் பாடிகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்களைச் சாலியாறு கீழே கொண்டுவந்தது. போத்துகல்லிலும் முண்டேரியிலும் ஆற்றங்கரை மக்கள் நாட்கணக்கில் ஆற்றில் இறங்கித் தேடினார்கள். கிடைத்தவற்றைத் துணியில் சுற்றித் தோளில் சுமந்து நிலம்பூர் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார்கள். யார் மகன், எந்தச் சமயம், எந்த மொழி என்று எவரும் கேட்கவில்லை; கேட்டறியும் நிலையில் அவ்வுடல்களும் இல்லை. ஒருகாலத்தில் மரத்தைச் சுமந்த ஆறு அன்று மனிதரைச் சுமந்தது. அதன் கரையில் நின்றவர்களும் சுமந்தார்கள். நிலம்பூரின் மரபுச் செல்வம் எது என்று என்னை எவரேனும் கேட்டால், அருங்காட்சியகத்துக்கு முன்னதாக அந்தத் தோள்களைச் சொல்வேன்.

முடிவாக

இவ்வளவும் சொன்னபின், தோட்டம் தாழ்ந்தது, காடு உயர்ந்தது என்று முடித்துவிட்டுப் போவது எளிது. அது நேர்மையாகாது. இந்த அவையில் பாதிப்பேர் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். காட்டை அழித்து நட்ட தேயிலைதான் அவர்களுக்குச் சோறு போட்டது. அவர்களே ஒரு மண்ணிலிருந்து பெயர்த்து இன்னொரு மண்ணில் நடப்பட்டவர்கள். வேர் பிடித்தார்கள், வாழ்ந்தார்கள். நட்டது தாழ்ந்தது என்று அவர்கள் முன்னிலையில் நான் எப்படிச் சொல்வேன்? காவலரும் அப்படிச் சொல்லவில்லை. அந்தத் தேக்குகளைக் காப்பதுதான் அவர் வேலை. அவற்றின்மேல் அவருக்கு அன்பு இருந்தது. அவர் வேண்டியது ஒன்றே. நட்டதை நட்டது என்று சொல். தானாய் வளர்ந்ததைக் காடு என்று சொல். நட்டதைக் காடு என்று சொன்னால், காடு அழிந்தது மறைந்துபோகும். நட்டவனின் உழைப்பும் மறைந்துபோகும். ஒரு பொய்ச்சொல்லில் இரண்டு இழப்பு.

இதை நான் இன்று பேசுவதற்கு உடனடிக் காரணம் ஒன்று உண்டு. பத்தாண்டு மலருக்காகத் தேர்ந்தெடுத்த கவிதைகளில் என் அந்தப் பழைய கவிதையும் இருப்பதாக மலர்க்குழுவினர் அன்போடு தெரிவித்தார்கள். சந்தம் நன்றாக இருக்கிறது, சிறு பிழைதானே என்று நண்பர் ஒருவர் சொன்னார். சாத்து மேனனின் இருபது ஆண்டுகளையும், பெயரில்லாத அத்தனை கைகளையும் இல்லையென்று சொல்லும் பிழை சிறு பிழையன்று. அக்கவிதையை எடுத்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொண்டேன். அந்தப் பக்கங்கள் வெறுமையாக இருக்கக் கூடாதென்றால், அங்கே இவ்வுரையை இடுங்கள்.

தேக்கு முதிர்வதற்கு ஐம்பது அறுபது ஆண்டுகள் வேண்டும் என்பது வனத்துறையின் கணக்கு. அக்கணக்கில் பத்தாண்டு என்பது இளங்கன்று. ஓடு உடைந்து முளைத்துவிட்டோம் என்ற அளவில் நாம் மகிழலாம். அடுத்த பத்தாண்டில் நம்மில் ஒருவர் காட்டைப் பற்றி எழுதினால், அதைக் காட்டுநாயக்க நண்பர் ஒருவரிடம் படித்துக் காட்டிவிட்டு இங்கே கொண்டுவரட்டும். அவர் ‘சரி’ என்று சொன்ன பிறகு நாம் கைதட்டுவோம்.

நிலம்பூருக்குப் போய் வாருங்கள். அந்தக் காவலர் இன்னும் அங்கே இருந்தால், கூடலூர்க்காரன் கவிதையைத் திருத்திவிட்டான் என்று சொல்லுங்கள்.